வெள்ளையடித்த லோங்காங்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், 1979-ஆம் ஆண்டின் 'அழகிய லோங்காங்' போட்டிக்கு, அதாவது மழைநீர் ஓடும் சாக்கடைகளுக்கான போட்டிக்கு, நம் தோட்டம் ஆயத்தமாகிவிட்டது.

அறிவித்தவர் போட்டிக் கமிட்டித் தலைவர், தோட்டத்து ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி ராமையா. மறுநாள் காலை ஏழு மணிக்கு மேனேஜர் துரையின் பங்களாக் குளத்தில் மீன்களெல்லாம் வயிறு மேலாக மிதந்தன.

ஏழரைக்குத் தானா ராத்தா போலீஸ் நிலையத்திலிருந்து சார்ஜன் நாகரத்தினம் பசியோடு வந்து இறங்கினார்.

"பூச்சிமருந்தடிக்கிற காளிமுத்துதான் சார். பம்பைக் குளத்துல கழுவியிருக்கான்" என்றார் கிராணி. "துரை வேலையிலேருந்து அவன் பேரை வெட்டச் சொல்லிட்டாரு. இன்னிக்கே லைன் வீட்டைக் காலி பண்ணணும்."

தொழிலாளர் லைன் வாசலில் காளிமுத்துவின் மனைவி பாஞ்சாலை ஏற்கெனவே பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்பப்பா மருந்தடிச்ச?" என்று பக்கத்தில் நின்ற காளிமுத்துவைக் கேட்டார் சார்ஜன்.

"மூணு நாளா மழைங்கய்யா. மழையில அடிச்சா மருந்து இலையில நிக்காதுலா. பம்பை யாரும் தொடல."

ஸ்டோரில் பம்ப் காய்ந்து கிடந்தது. உள்ளே ஒரு சிலந்தி குடியேறியிருந்தது.

நாகரத்தினம் குளத்துக்குப் போனார். தண்ணீர் அரிசி களைந்த நீர்போல் வெளுத்திருந்தது. மீனின் செவுளிலும் வெள்ளை. குளத்தில் வந்து விழும் குழாயின் வழியே மேட்டில் ஏறினார். அது லைன் லோங்காங்கில் போய் முடிந்தது. அங்கே கிராணி நின்றிருந்தார்.

"ஜோரா இருக்கு கிராணி. ஓரத்துக்கு எல்லாரும்தான் சுண்ணாம்பு அடிப்பாங்க. அடித்தரையும் வெளுத்திருக்கே, யாரு யோசனை?"

கிராணியின் நெஞ்சு நிமிர்ந்தது. "நம்ம யோசனைதான். ஒரு டிரம் சுண்ணாம்பு மிஞ்சிச்சு. குழி வெட்டிக் கொட்டுறோம்னானுங்க. மடையனுங்களா, லோங்காங்குலயே ஊத்துங்க, மார்க்கு கூடும்னேன்."

"ராத்திரி பேய்மழை. அவ்வளவும் எங்க போயிருக்கும்?"

"கக்கூஸ் குழிக்கு."

"வாங்க, காட்டுறேன்."

குளத்தோரம் குழாய் வாயில் குனிந்து பார்த்தார் கிராணி. சுண்ணாம்புத் தண்ணீர்தான் வழிந்துகொண்டிருந்தது.

"இப்படி ஊத்துனா மீனு மட்டுமா சாகும்? இந்தக் குளம் நிரம்பி வழிஞ்சா கீழ் லைன்காரங்க குடிதண்ணி மொள்ளுற ஓடைக்குத்தான் போவுது. மொதல்ல மிச்சச் சுண்ணாம்பை வழிச்சுக் குழியில கொட்டுங்க. மண்வெட்டியை நீங்களே பிடிங்க."

எட்டரைக்குப் பாஞ்சாலை சாக்கைப் பிரித்துத் தோசைக்கல்லை வெளியே எடுத்தாள். சார்ஜன் நாலு தோசை சாப்பிட்டார். கீழே கிராணி வழித்துக்கொண்டிருந்தார்.

துரை விவரத்தைக் கேட்டுக்கொண்டார். காளிமுத்துவின் பேர் வெட்டப்படவில்லை. கிராணியின் பேரும் வெட்டப்படவில்லை.