மாளிகை அளவு

நேற்று உள்ளங்கையின் பாதி வரை தொங்கிய அங்கியின் கை, இன்று தங்கையின் மணிக்கட்டில் கச்சிதமாக நின்றது.

கட்டிங் மாஸ்டரான அக்கா அதை வெட்டவில்லை, மடித்துத் தைக்கவுமில்லை. மாஸ்டர் என்றதும் மீசையை எதிர்பார்த்து வருபவர்கள் இவளைப் பார்த்துத் திருதிருவென விழிப்பார்கள். ஆனால் இருபது வருடத்தில் அவள் அளவு அரை அங்குலம் தப்பியதில்லை.

தையல் வேலை நடக்கும் இந்தப் பழைய மாளிகையைப் பார்த்து மயங்கித்தான் முதலாளியம்மா ஆயத்த ஆடை நிறுவனமே தொடங்கினார். ஜன்னல் கண்ணாடியின் நிறம் துணிக்கு வந்தது, படிக்கட்டுக் கம்பியின் கொடி கழுத்துப் பூவேலையானது. முதுகில் கயிறு இழுத்து இறுக்கும் பழைய அங்கி ஒன்று மாடி அலமாரியில் கிடைத்ததும், ஒரு நூல்கூட மாற்றாமல் அதே அளவில் இருநூறு வெட்டச் சொல்லிவிட்டார். போட்டுப் பார்க்க ஆள் தேவைப்பட்டபோது, வேண்டாம் வேண்டாம் என்ற தங்கையை இழுத்து வந்தது அக்காதான்.

இஞ்சு டேப் பழசு, இழுபட்டிருக்கும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு புதியதைப் பிரித்தாள். மழைக்கு முந்தைய இருட்டு மாடியறைக்குள் இறங்கியிருக்க, ஈரச் சுண்ணாம்பு வாசனையும் இஸ்திரிப் பெட்டியின் ஆவியும் மூக்கில் ஏற, கீழே ஓடிய தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய, தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தாள். நோட்டில் அவளே எழுதியதைவிட இரண்டு அங்குலம் கூடுதல்.

துணி அதேதான். தங்கையின் கைதான் நீண்டிருந்தது.

அக்கா டேப்பைக் கீழே வைத்தாள். "கழட்டுடி."

"கயிறு அவுந்துதான் கெடக்கு. துணி விட மாட்டேங்குதுக்கா."

கத்தரியால் கீழ்விளிம்பிலிருந்து கழுத்து வரை வெட்டினாள். அங்கி பிளந்து தரையில் விழுந்தது. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மூச்சு விட முடியல."

உள்பாவாடையோடு நின்ற தங்கையின் இடுப்பு விரியவே இல்லை. அக்கா படியோரம் ஓடி முதலாளியம்மாவைக் கூப்பிட்டாள். அவர் கடைகளுக்குப் போயிருப்பதாகவும், இருநூறு அங்கிகளும் காலையிலேயே கிளம்பிவிட்டதாகவும் கீழேயிருந்து பதில் வந்தது.

திரும்பி வந்து டேப்பை இடுப்பில் சுற்றினாள். பதினெட்டு.

கயிறு முழுதாக இறுகும்போது அந்த அங்கியின் இடுப்பு பதின்மூன்று.

டேப் தளர்ந்தது. இறுக்கிப் பிடித்தாள்.

பதினேழு.

தங்கை அவள் தோளைப் பற்றினாள். விலா எலும்பு ஒன்று சன்னமாக முறிந்தது.

பதினாறு.

தங்கை வாயைத் திறந்தாள். காற்று உள்ளே போகவில்லை.