பொருந்திய முள்

நியாயம் கேட்கத் துணிந்தவர்களே, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய இந்தக் குடியிருப்புக்குள் வாருங்கள். ஓர் அநீதிக்கு நீங்கள் சாட்சியாக வேண்டும். ஞாயிறு மாலை. சபரிநாதன் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயரின் மூடியைத் திறக்கிறான். தூசி மணக்க வேண்டிய பெட்டிக்குள்ளிருந்து பிரஸ் மெஷினின் சூடான எண்ணெய் வாடை எழுகிறது.

அவன் தகடு அழுத்தும் ஆலையின் பராமரிப்பு மேலாளன். பழைய பிளேயர்களைச் சீராக்குவது அவனது விடுமுறைப் பொழுதுபோக்கு. இந்தப் பெட்டி, சென்ற ஆண்டு பிரஸ்ஸில் நசுங்கி இறந்த தொழிலாளி சாலமோனுடையது. கொண்டுவந்த மனைவி முத்தம்மா வாசலில் அமர்ந்திருக்கிறார்.

“கவனமில்லாம கைய உட்டாருன்னு ரிப்போர்ட்டு எழுதுனீங்க. போவட்டும். நாளைக்கு நினைவு ஜெபம், அவருக்குப் புடிச்ச பாட்டுத்தட்டு இதுல கீது. மெஷினுக்கே கண்ணு வெச்சவரு, இதுக்கு ஒரு முள்ளு வெக்க மாட்டீங்களா சார்?”

முள்ளைத் தாங்கும் உடைந்த கார்ட்ரிட்ஜைத் திருப்பிப் பார்க்கிறான். செராமிக் வகை; உரத்துப் பேசுவது. கைவசம் இருப்பதோ காந்த வகை. திருகுத் துளைகள் அச்சாகப் பொருந்துகின்றன. ஆனால் அதன் மின்குரல் மிக மெலிது. இந்தப் பெட்டியின் ஆம்ப்ளிஃபயருக்கு எட்டாது. தெரிந்தும் அவன் விரல்கள் அதையே முடுக்குகின்றன.

அன்றும் இந்த விரல்கள்தாம். கை நுழைந்தால் பிரஸ்ஸை நிறுத்தும் சென்சார் பழுதானபோது, உற்பத்தி நிற்கக் கூடாதென்று, துளை பொருந்திய வேறொன்றை மாட்டினான். அது சாலமோனின் கையைக் கண்டது. நிறுத்தச் சொல்லிக் கத்தியது. அந்த மெலிந்த குரல் எந்திரத்துக்கு எட்டவில்லை.

முள்ளை இறக்குகிறான்.

பாட்டு இல்லை. கூரைக்கு மேலே உருக்காலைப் புகை கவிந்து இருள, சுவரின் காரைக்குள்ளிருந்தா தன் பற்களுக்குள்ளிருந்தா என்று அறிய முடியாதபடி, கனத்த இரும்பு எழுந்து, மூச்சடக்கி, இறங்கும் ஓசை மட்டும் நெருங்கி வருகிறது.

“இன்னா சார், ஒண்ணும் கேக்கலியே?”

அவன் முள்ளை விட்டுத் தட்டைக் காட்டுகிறான்.

“தட்டு தேஞ்சு போச்சும்மா. உன் ஊட்டுக்காரரு கவனமா வெச்சுக்கல.”

தடார்.

மின்கம்பியைப் பிடுங்கக் குனிகிறான். அது முன்பே சுவரிலிருந்து கழன்று தரையில் கிடக்கிறது. தட்டு சுழல்கிறது. கருந்தட்டின் மேல் ஈரம். ஐந்து விரல்கள். தகடாய்த் தட்டையானவை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விரல் மெல்ல நிமிர்கிறது. அவனை நோக்கி.

வாசலில் முத்தம்மா காத்திருக்கிறார். கை சுழல்கிறது.

தோழர்களே, நாளைக் காலை உங்கள் பிரஸ்ஸின் வாய்க்குள் முதலில் ஒரு நீண்ட குச்சியை நீட்டுங்கள். மெஷின் நிற்கவில்லையென்றால், எவர் அதட்டினாலும், ஒரு கையையும் உள்ளே விடாதீர்கள்!