கிழக்கே ஒரு மீட்டர்

செவ்வாயின் புதுவயல் குடியிருப்பில் கோமதிநாயகம் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே ஒளிக்கோலை எடுத்துக் கிழக்குச் சுவரை அளந்துவிடுவார். அடுத்த வீட்டு ரெஜினா இரவோடு இரவாகச் சுவரை நகர்த்திவிடுவாளாம். மூச்சுவிடக் காற்றில்லாத ஊரில் எவள் சுவரில் கை வைப்பாள்? சொன்னால் கேட்கிற ஆளா அவர்!

அன்றைக்கு அவருக்குக் கொண்டாட்டம். தள ஆயத்தொலைச் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். கோள் உருண்டை, பட்டா தட்டை. உருண்டையைத் தட்டையாக விரித்து, ஓர் இடத்தைத் தொடக்கப் புள்ளி என்று சட்டம் நிர்ணயிக்கும். எல்லா வீட்டின் எல்லையும் அங்கிருந்துதான் அளக்கப்படும். அந்தப் புள்ளியைத் திருத்தியதில், பத்திரத்தில் இருந்த எண்கள் எல்லாம் தரையில் ஒரு மீட்டர் கிழக்கே போய் விழுந்தன. பக்கத்து வீட்டாரோடு ஒத்துப்போனால் சுவரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி இருந்தது. அதைப் படித்து கோமதிநாயகம் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர் போட்ட மனுவின் பேரில் அளவை ரோபோ வந்து நின்றதும் ரெஜினா கைக்குழந்தையோடு ஓடிவந்தாள்.

“அண்ணாச்சி, மூச்சுக்குக் காத்து குடுக்குற எங்க காத்தாக்கி இந்தச் சுவத்தோட சேத்து வார்த்தது. அறுத்தா செத்துப்போகும். அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் புள்ளைய வச்சிக்கிட்டு எங்க போவேன்?”

“பொதுக் கொட்டகைக்குப் போ. என் எடம் எனக்கு வேணும்லா?”

ரோபோ புதுச் சுவரை எழுப்பிவிட்டுப் பழையதை அறுத்தது. காற்றாக்கி விக்கி நின்றது. குழந்தைக்கு மூச்சுக்கவசம் மாட்டிக்கொண்டு ரெஜினா கொட்டகைக்கு நடந்தாள். கோமதிநாயகம் அந்த ஒரு மீட்டரில் கால் பதித்து நின்று பார்த்தார். அடடா, என்ன சுகம்!

“அடுத்து மேற்கு,” என்றது ரோபோ.

“மேற்க என்ன?”

“மேற்கு வீட்டார் ஒத்துக்கொண்டால் ஒழிய, கிழக்கைப் புது அளவிலும் மேற்கைப் பழைய அளவிலும் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. மேற்கே ஒரு மீட்டர் உங்கள் தம்பி சங்கரலிங்கத்துக்குப் போகிறது. உங்கள் காற்றாக்கி அதில்தான் இருக்கிறது.”

சொந்தக்காரர்கள் என்று அரசுதான் பக்கத்துப் பக்கத்தில் மனை கொடுத்திருந்தது. ஆனால் பூமியில் அப்பாவின் வயலில் கோமதிநாயகம் தம்பியின் வரப்பை வெட்டித் தள்ளியதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. இவர் அந்தப் பக்கமே திரும்பியதில்லை. இப்போது விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்.

“ஏல சங்கரு, ஒத்துக்கிடுதேன்னு ஒரு வார்த்த சொல்லுல. ஒன் கால்ல விழுதேன்.”

சங்கரலிங்கம் அண்ணனைப் பார்க்கவே இல்லை. ரோபோதான் அவருக்கு எடுத்துச் சொன்னது. “மறுத்தால் உங்கள் பத்திரமும் புது அளவுக்கு மாறிவிடும். எல்லா வீடும் ஒரே அச்சு. உங்கள் மேற்குச் சுவரும் காற்றாக்கியும் போய்விடும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் இப்போதே மனுவோடு காத்திருக்கிறார்.”

“அண்ணனுக்குத்தான மொதல்ல போகும்?”

“ஆம்.”

“அப்ப அறு,” என்றார் சங்கரலிங்கம். பார்ப்பதற்கு வசதியாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.