அளவுக்கை

காலை ஏழு பத்துக்கு டெக்னீசியன் எஸ்தர் தன் இடது மணிக்கட்டைத் தோலொளிமானியின் பள்ளத்தில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. நாலு வருடமாக அவள் கைதான் அந்த ஆஸ்பத்திரியின் அளவுக்கை.

சிறுநீரகம் கெட்டவர்களின் சிவப்பணுக்கள் காலத்துக்கு முன்பே சாகின்றன. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் பழைய ரத்தப் பரிசோதனை அதனால் அவர்களுக்குச் சர்க்கரையைக் குறைத்தே காட்டிவந்தது. மானி ரத்தத்தை நம்புவதில்லை. தோலுக்கடியில் ஒட்டிக்கிடக்கும் சர்க்கரையை ஒளியால் எண்ணும். அதற்குத் தினமும் நோயில்லாத ஒரு கை வேண்டும். அந்தக் கையை ஐந்து என்று வைத்துக்கொண்டுதான் மற்றக் கைகளை அளக்கும்.

எண் 7-ஐத் தாண்டினால் மாற்றுச் சிறுநீரகம் கிடையாது.

சுடலைமுத்து கையை நீட்டினார். ஆறு வருட டயாலிசிஸில் புடைத்த கை. மதுரையிலிருந்து அவருக்கான சிறுநீரகப் பெட்டி கிளம்பிவிட்டது. எட்டு மணிக்குள் எண் சொல்ல வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

6.2.

“பாஸாயிட்டீங்க அண்ணாச்சி,” என்றாள் எஸ்தர். தண்ணீர் குடித்தாள். விடிந்ததிலிருந்து மூன்றாவது பாட்டில்.

அவர் மனைவி இசக்கியம்மாள் சிரித்தாள். “இந்த மிஷினுக்கு இவுக மேல பாசம்தான். வீட்டுல வெரல்ல குத்திப் பாத்தா ஒருநாளும் எரநூறுக்குக் கீழ வந்ததில்ல.”

“ஏட்டி, சும்மா கெட.”

“ஒருநாளுமா?” எஸ்தர் கேட்டாள்.

“வெறும் வயித்துலகூட.”

ஒரு வேளைக் குத்தல் அந்த நிமிடத்தைத்தான் சொல்லும். மூன்று மாதமும் அப்படியே என்றால் 6.2 வராது. சந்தேகம் வந்தால் வேறு அளவுக்கை வைக்க வேண்டும் என்பது விதி. இதுவரை யாரும் வைத்ததில்லை.

“உங்களுக்குச் சர்க்கரை உண்டா?”

“எனக்கா? போன மாசந்தான் பாத்தாவ. ஒண்ணும் கெடையாது.”

இசக்கியின் கையை வைத்து மானியைத் திருத்தினாள். பிறகு சுடலைமுத்துவின் கை.

9.0.

“என் வாயில மண்ண அள்ளிப் போட,” என்று இசக்கி சுவரோடு ஒண்டினாள். “அத அழிச்சிருங்கம்மா. ஒங்க கைய வெச்சே எழுதுங்க.”

எஸ்தர் மானியைத் திருத்தாமல் தன் கையை அளக்க வைத்தாள்.

7.8.

வருடத்துக்கு ஒருமுறை ஊழியர் பரிசோதனையில் அவள் இதே மானியில்தான் தன்னை அளந்துகொள்வாள். எப்போதும் 5.0. தன்னையே அளவாக வைத்த கை வேறென்ன காட்டும்?

அந்தக் கையை வைத்து நானூறு பேரை அறுவைக்கு உள்ளே அனுப்பியிருக்கிறாள். சிலர் செத்தார்கள். நிறையப் பேர் நன்றாக இருக்கிறார்கள். முந்தாநாள் ஒருவர் ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்தார்.

சுவர்ப்பேசியில் அறுவை டாக்டர் நிலோஃபரின் குரல். “எஸ்தர், பெட்டி வாசலுக்கு வந்திருச்சு. நம்பர் என்ன?”

எஸ்தர் பேசும் பொத்தானில் விரலை வைத்தாள். அழுத்தவில்லை.

சுடலைமுத்து சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார்.

“பட்டியல்ல எனக்கு அடுத்தாப்ல இருக்காரே, அவர யார் கைய வெச்சும்மா அளந்திய?”