எதிரி வீட்டுப் புல்வெளியில் அப்பாவின் பலகை

மழையில் வீட்டு எண் தெரியாததால்தான் அந்தத் தப்பு நடந்தது...

பிரிட்டா, அப்பாவின் தேர்தல் பலகையைப் புல்வெளியில் ஊன்றிச் சுத்தியலால் ஓங்கித் தட்டியபோது வாசற்கதவு திறந்தது. நெடுநெடுவென்று ஒருவன். மழைமேகத்தின் நிறத்தில் கண்கள்... அவற்றில் கோபத்தைக் காணோம், சிரிப்பு!

"ஏங்க, இது யார் வீடுன்னு தெரியுமா?"

"ஓட்டுப் போடறவங்க வீடு. வேற யார் வீடு?"

"ஜோலீன் லார்கின் வீடு. நீங்க ஹாகன் பொண்ணுதானே? உங்கப்பாவை எதிர்த்து நிக்கிறாங்களே, அவங்கதான். நான் அவங்க பையன் எம்மெட்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ஐயோ... எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்!'

பலகையைப் பிடுங்கினாள். வரவில்லை. அவனும் சேர்ந்து இழுத்தான். வந்தது... இருவரும் சேற்றில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னா அழுத்தமா நட்டிருக்கீங்க! உங்கப்பா ஜெயிச்சிடுவாரு போல."

அதன்பிறகு ஏரிக்கரையில் திருட்டுத்தனமான சந்திப்புகள். வீட்டிலோ அப்பா ஹாகன் சாப்பாட்டு மேசையில் முழங்கினார்: "லார்கின் வீட்டு ஆளோட யார் பேசினாலும் என் முதுகுல குத்தின மாதிரி!" பிரிட்டா உருளைக்கிழங்கைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

நவம்பர் வந்தது. அதே வாக்குச்சீட்டில் வாஷிங்டனுக்கு ஒரு செனட்டரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியும் இருந்தது. மினசோட்டா மாநிலம் முழுக்க அந்தப் பேச்சுதான். இவர்கள் ஊரில் மட்டும் மாநிலச் சட்டமன்றத் தொகுதி முடிவுக்காகக் காத்திருந்தார்கள். ஹாகனும் லார்கினும் சரிசமம்! மறுபடி எண்ணினார்கள். அப்போதும் சமம். ஊரே வாயைப் பிளந்தது. இனிச் சட்டப்படி குலுக்கல்தான்.

குலுக்கல் நடந்த அறைக்கு வெளியே, தாழ்வாரத்தில் எம்மெட் அவள் கையைப் பிடித்தான்.

"திட்டாதே பிரிட்டா... நான் எங்கம்மாவுக்குப் போடல. உங்கப்பாவுக்குத்தான் போட்டேன்."

"பைத்தியமா உனக்கு? பெத்த அம்மாடா!"

"உங்கப்பா தோத்தா நீ அழுவியே... அதை நினைச்சேன், கை தானா போயிடிச்சு."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. "டேய்... நான் உங்கம்மாவுக்குப் போட்டேன்டா!"

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"அப்போ... நாம ஒழுங்கா போட்டிருந்தாலும்..."

"இதே சமம்தான்!"

கதவு திறந்தது. குலுக்கலில் ஜோலீன் பெயர் வந்திருந்தது. ஹாகன் ஒரே நாளில் கிழவராகிவிட்டது போல வெளியே வந்தார்.

"ஒரே ஒரு ஓட்டு... எந்தப் படுபாவி கைவிட்டானோ!"

யார் யாருக்குப் போட்டார்கள் என்று எவருக்கும் தெரியப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டால் போதும். ஆனால் அப்பாவின் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பொய்யாக நிற்பது?

"அப்பா... நான்தான்."

ஹாகன் மகளைப் பார்த்தார். கோத்திருந்த கைகளைப் பார்த்தார். பின்னால் வந்த ஜோலீனும் பார்த்தார்.

"எம்மெட், நீ...?"

"நான் அவருக்குப் போட்டேம்மா."



"ஏம்மா?" என்றார் ஹாகன் மகளிடம், குரல் உடைந்து.

"இவனை எனக்குப் பிடிச்சுப்போச்சுப்பா... உங்க பலகையைத் தப்பான வீட்டுல நட்டேனே, அன்னைக்கே."