ஹார்ன் பிசிறடித்த இடம்

பள்ளிக் கச்சேரி நடந்த அரங்கத்தின் வாசலில் எல்லோருக்கும் ஒரு கருத்துச் சீட்டும் குட்டிப் பென்சிலும் கொடுத்தார்கள். ஐந்தாம் வகுப்புச் சுவர்ப் பத்திரிகையின் ஒரே விமர்சகி கோஹாரு. அவள் சும்மா இருப்பாளா?

எட்டுப் பேர் பித்தளைக் கருவிகளை வாசித்து முடித்ததும், பெரியவர்களின் கையெழுத்துப்போலச் சாய்த்துச் சாய்த்து எழுதினாள்: "ஹார்ன் இரண்டு முறை பிசிறடித்தது." சின்னக் கட்டம் அதோடு நிறைந்துவிட்டது. பெயர் போட வேண்டியதில்லை. சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

ஹார்ன் வாசித்தது அவளுடைய அக்கா மினோரிதான். உண்மையை எழுதுபவள் சொந்தக்காரர் என்று பார்க்கக்கூடாது என்பது விமர்சகியின் கொள்கை.

மாலையில் மினோரி வந்தாள். கழற்றிய காலணிகளை நேராகக்கூட வைக்கவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அக்கா, உருளைக்கிழங்குக் கொரோக்கே ஆறுது. அம்மா உனக்குன்னு பெருசா ரெண்டு பொரிச்சு வெச்சிருக்காங்க."

"வேணாம். திங்கட்கிழமை ஹார்னை ஸ்கூல்ல திருப்பிக் குடுத்துடப் போறேன்."

"ஏன்க்கா?"

"கச்சேரி முடிஞ்சதும் வந்த சீட்டையெல்லாம் நாங்க எட்டுப் பேரும் வட்டமா உக்காந்து ஆளுக்குக் கொஞ்சமா சத்தமாப் படிப்போம். என் கைக்கு வந்ததுல ஒண்ணு என்னைப் பத்தி. நானே படிச்சேன். என்னால முடியாது கோஹாரு. எனக்கு வாசிக்கவே வரல."

அது தன் சீட்டுதான் என்று கோஹாருவுக்குப் புரிந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. பத்திரிகைக்கான நோட்டை எடுத்து, 'ஹார்ன் பிரமாதம்' என்று எழுதினாள். அது பொய் என்று அக்காவுக்குத் தெரியுமே. அழித்தாள். தாள் கறுத்துப்போனதுதான் மிச்சம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பிறகு கச்சேரியில் பார்த்ததை ஒன்றுவிடாமல் எழுதினாள். எழுதி முடித்ததும் கட்டிலருகே போய் நின்றாள்.

"அக்கா, அந்தச் சீட்டை எழுதினது நான்தான்."

மினோரி திரும்பவில்லை. "போயிடு. இங்க நிக்காத."

நோட்டைத் தலையணைமேல் வைத்துவிட்டு வந்தாள் கோஹாரு. அதில் இப்படி இருந்தது:

"ஹார்ன் இரண்டு முறை பிசிறடித்தது. இரண்டாவது முறை, பக்கத்தில் இருந்த டிரம்பெட் அண்ணன் பயந்துபோய் வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஹார்ன் அக்கா நிறுத்தவில்லை. அண்ணனைப் பார்த்து, தோளைத் தூக்கி மூச்சிழுத்துக் காட்டினார். அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் மறுபடி சேர்ந்தார். எட்டுப் பேரும் ஒன்றாக முடித்தார்கள். இது அந்தச் சின்னக் கட்டத்தில் கொள்ளவில்லை."

சமையலறையில் கோஹாரு தனியாக உட்கார்ந்திருந்தாள். அக்கா இனி தன்னோடு பேசவே மாட்டாள் என்று தோன்றியது.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. கண்கள் வீங்கியிருந்த மினோரி, நோட்டை மேசைமேல் போட்டாள். எதிரில் உட்கார்ந்து, ஆறிப்போன கொரோக்கேயை எடுத்துக் கடித்தாள்.

கோஹாரு பயந்துகொண்டே நோட்டைத் திறந்தாள். முதல் வரியில் 'இரண்டு' என்பதை அடித்து, மேலே 'மூன்று' என்று எழுதியிருந்தது.

"விமர்சனம் எழுதுறவ ஒழுங்கா எண்ணணும்டி," என்றாள் மினோரி, வாய் நிறைய மென்றுகொண்டே. "மூணாவது எங்கன்னு தெரியணும்னா, திங்கட்கிழமை பயிற்சிக்கு வந்து கேளு."