இருட்டில் வந்த மின்சாரம்

இரவு ஒன்பதரை மணிக்கு சோலார் பேனல் மின்சாரம் தந்துகொண்டிருந்தது.

அதிகமில்லை, பதினொரு வாட்தான். ஆனால் வானத்தில் நிலா இல்லை. இரண்டு நாளாகக் கொட்டித் தீர்த்துவிட்டு அப்போதுதான் ஓய்ந்திருந்த மழையின் மேகம் ஒரு நட்சத்திரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. ஏரிக்கரை வெட்டவெளியில் நின்ற அந்தச் சின்ன டிரெய்லர் வீட்டைச் சுற்றி ஈரமண் வாசனையும், அதன் தகரக் கூரையிலிருந்து சொட்டும் நீரும், எங்கோ தள்ளிக் கத்தும் தவளைகளும் தவிர வேறு எதுவும் இருப்பதற்கு அடையாளமே இல்லை. அவள் டார்ச்சை அணைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். வெளியே ஸ்டூலின் மேல் வைத்திருந்த பேட்டரிப் பெட்டியின் திரையில் 'வரத்து' என்ற இடத்தில் அதே பதினொன்று.

மற்றவர்களாக இருந்தால் ஏதோ கோளாறு என்று விட்டிருப்பார்கள். அவள் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி, பல்லி முட்டையையும் சிலந்தி வலையையும் ஒதுக்கிவிட்டு மின்சார மீட்டரில் எண் குறித்தவள். வீட்டுக்காரர்கள் வாய் கூசாமல் பொய் சொல்வார்கள், மீட்டர் சொல்லாது. கடவுளை நம்பினாளோ இல்லையோ, இதை நம்பினாள்.

எண்ணைப் பார்த்தே தீரவேண்டிய நிலைமையும் இருந்தது. அவள் கணவர், நாற்பது வருஷம் பஸ் ஓட்டிப் புகை தின்றவர், இப்போது படுத்தால் தானாக மூச்சு விட முடியாது. மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்கை மாட்டி, டிபன் பாக்ஸ் அளவு மெஷின் ஒன்று காற்றை உள்ளே தள்ள வேண்டும். அது அரை மணி நேரம் நின்றால் உதடு நீலம் பாய்ந்துவிடும். “ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்தது போதும், ஒரு வாரம் வானத்தைப் பார்க்கணும்” என்று அவர் கேட்டுக்கொண்டதால்தான் இந்தப் பயணமே. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அவளும் அளந்துதான் போட்டாள். மடக்குகிற பேனல் இரண்டு, பேட்டரிப் பெட்டி ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஜெனரேட்டர். மழையை மட்டும் அளக்கவில்லை.

ஜெனரேட்டருக்குள் தண்ணீர் போயிருந்தது. சாயங்காலம் முழுக்கக் கயிற்றை இழுத்தாள். அது தும்மியது, இருமியது, படுத்துவிட்டது. டிரெய்லரை இழுத்து வந்து விட்டுப்போன வண்டிக்காரன் காலையில்தான் வருவான். போனில் சிக்னல் இல்லை. பெட்டியில் மிச்சம் பதினேழு சதவீதம். அவளுடைய கணக்குப்படி இரவு ஒன்றரை மணிக்கு மெஷின் நின்றுவிடும். இருட்டியதிலிருந்து அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டாள்.

அதனால் இந்தப் பதினொன்று எங்கிருந்து வருகிறது என்று தேடினாள். ஒரு பேனல் மடித்துக் கிடந்தது. மற்றது, காற்றில் விழாமலிருக்க அவளே டிரெய்லர் பக்கம் திருப்பி வைத்தது. அதைத் தூக்கி வானத்துக்குக் காட்டினாள். பூஜ்யம். ஏரிக்குக் காட்டினாள். பூஜ்யம். டிரெய்லரின் அடுப்படி ஜன்னல் பக்கம் திருப்பினாள். மூன்று. மெல்ல நகர்த்தி, கணவர் படுத்திருக்கும் கட்டிலருகே உள்ள ஜன்னலுக்கு நேராகக் கொண்டுவந்தாள்.

இருபத்தாறு.

ஜன்னல் கன்னங்கரேலென்று இருந்தது. கண்ணாடியில் முகத்தைப் பதித்துப் பார்த்தாள். உள்ளே இருட்டு. மெஷின் மூச்சு விடும் சத்தம். அவ்வளவுதான்.

“என்னங்க, உள்ள லைட் ஏதும் போட்டிருக்கீங்களா?”

“போட்டு?” மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் குழறி வந்தது. “மூஞ்சில இந்த மூடிய மாட்டிக்கிட்டு நான் என்ன புஸ்தகமா படிக்கிறேன்?”

“இல்ல, பேனல்ல கரண்ட் வருது.”

“வந்தா வாங்கிக்கோ மீட்டரு. தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்காத.”

மீட்டர் பார்க்கப் போன நாளிலிருந்து அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. பயத்துக்கு அவள் நேரம் ஒதுக்கவில்லை. பேனலை இரண்டடி முன்னால் நகர்த்தினாள். ஐம்பத்தெட்டு. ஜன்னல் கண்ணாடியை ஒட்டியே சாய்த்து வைத்தாள். தொண்ணூற்றிரண்டு. உச்சி வெயிலில்கூட அது அவ்வளவு கொடுத்ததில்லை. மெஷின் எடுப்பதோ நாற்பது. மீதி பெட்டிக்குள் ஏறியது. பதினெட்டு சதவீதம், பத்தொன்பது, இருபது. அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது.

“குளுருதும்மா,” என்றார் உள்ளேயிருந்து.

மழைக் காற்று என்று நினைத்தாள். உள்ளே போய் இன்னொரு போர்வையை மேலே போட்டு, கால் பக்கம் செருகிவிட்டு வந்தாள். வந்தவள் செய்த காரியம் இதுதான்: மடித்துக் கிடந்த இரண்டாவது பேனலையும் விரித்து, ஒயரை மாட்டி, முதல் பேனலுக்குப் பக்கத்தில், அதே ஜன்னலில், அவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தாள்.

நூற்றெண்பது.

தவளைகள் எப்போது நிறுத்தின என்று அவளுக்குத் தெரியாது. கூரையிலிருந்து சொட்டுவதும் நின்றிருந்தது. பேனலின் பின்பக்கம் கையை வைத்தால் நாள் முழுக்க வெயிலில் கிடந்ததுபோல் சுட்டது. அதிலிருந்து காய்ச்சல்காரர் படுத்த தலையணையின் வாசனை வந்தது. அந்த வாசனை அவளுக்குத் தெரியும், எத்தனையோ இரவுகள் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மூக்கைத் திருப்பிக்கொண்டாள். கண்ணை மட்டும் திரையிலிருந்து எடுக்கவில்லை.

“மீட்டரு.”

“சொல்லுங்க.”

“எவ்வளவு ஆச்சு?”

“நாப்பதுங்க.”

“ஏறுதா?”

“நல்லா ஏறுது. நீங்க தூங்குங்க.”

“அப்பச் சரி,” என்றார். குரல் ரொம்பத் தூரத்திலிருந்து வந்தது.

ஐம்பது சதவீதத்தில் ஒரு தடவை கூப்பிட்டாள். “ம்” என்றார். அறுபத்தைந்தில் கூப்பிட்டாள். பதில் இல்லை. தூங்கட்டும், பாவம். மெஷின் ஒழுங்காக ஓடுகிறது. உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. மணி ஒன்றரை வந்தது, போனது. அவள் ஜெயித்துவிட்டாள். எழுபது. எண்பது. தொண்ணூறு.

நூறு.

வரத்து பூஜ்யமாகியது. பெட்டி நிறைந்துவிட்டது, அதனால் நின்றுவிட்டது என்று அவள் அறிவு உடனே சொன்னது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நல்ல சேதியைச் சொல்ல உள்ளே போனாள்.

“நிறைஞ்சிருச்சுங்க. இனிமே ஒரு பயமும் இல்ல.”

டார்ச்சைப் போர்வையின் மேல் அடித்தாள். மார்பு ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது. ஒரு இம்மி பிசகவில்லை. மெஷினின் தாளம்.

கையைத் தொட்டாள்.

குளிர். மழைக் குளிர் இல்லை. விரல் விறைத்து மடங்க மறுத்தது. கண் பாதி திறந்திருந்தது. டார்ச் வெளிச்சம் அதற்குள் போனது, திரும்பி வரவில்லை. அவள் மாஸ்க்கைக் கழற்றினாள். மார்பு நின்றது. மாட்டினாள். ஏறியது.

“ஐயோ. நானா? நான்தானா?”

ஜன்னலில் இரண்டு பேனலும் கண்ணாடியோடு ஒட்டி நின்றன. அவள்தான் வைத்தாள். அவள் கையால். அவள் அவர் மேல் விழுந்து கட்டிக்கொண்டாள். அழுதாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

முதலில் அவள் பாதம் சில்லிட்டது. பிறகு கெண்டைக்கால்.

தலையைத் தூக்கினாள். பேனல்களின் இடுக்கு வழியே, வெளியே ஸ்டூலின் மேலிருந்த திரை தெரிந்தது. பெட்டி தொண்ணூற்றொன்பதுக்கு இறங்கியிருந்தது.

வரத்து: ஆறு.

எழுந்திருக்க வேண்டும். ஜன்னலை விட்டு விலக வேண்டும். நான்கு அடிதான். காலை அசைத்துப் பார்த்தாள். அது இருக்கும் இடமே தெரியவில்லை. கைக்கு எட்டுகிற தூரத்தில் மெஷினின் ஒயர் இருந்தது. பிடுங்கலாம். பிடுங்கினால் பெட்டி நிறைந்து வரத்து நின்றுவிடும். இந்த மார்பும் நின்றுவிடும்.

பதினெட்டு.

அவள் விரல் ஒயரைத் தொட்டது. இழுக்கவில்லை.

முப்பத்துநான்கு.

அவள் கன்னத்தின் கீழே அவர் மார்பு ஏறியது, இறங்கியது, ஏறியது.